உப்பு ஜாடி ஒன்றுதான்: நான்கு பேர் வீட்டின் மாதக் கணக்கு

நான்கு பேர் சாப்பிடும் வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் 50 நாள் வர வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராம், நான்கு பேருக்கு 20 கிராம், ஆயிரத்தை இருபதால் வகுத்தால் 50. உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் மேல்வரம்பு அந்த 5 கிராம். இந்தியர்கள் உண்மையில் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று 2017-18இல் நடந்த தேசியத் தொற்றாநோய்க் கண்காணிப்பு ஆய்வு அளந்து பார்த்தது. ஆண்களுக்கு 8.9 கிராம், பெண்களுக்கு 7.1, சராசரி 8. இந்தக் கணக்கில் அதே பாக்கெட் 31 நாளில் தீர்ந்துவிடும். அதிலும், கடலூர் முதுநகர் பக்கம் கருவாடு புழங்கும் வீடுகளிலும், ஊறுகாயும் அப்பளமும் இல்லாமல் இலை போடாத சிதம்பரத்து வீடுகளிலும் பாக்கெட்டுக்கு வெளியே இருந்து வரும் உப்பு தனி.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்டத்தில் 26,05,914 பேர். தலைக்கு 3 கிராம் மிகை என்று பெருக்கினால் நாளைக்கு 7.8 டன். கைக்குழந்தைகளையும் சேர்த்த பெருக்கல் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். என்றாலும் தினமும் ஒரு லாரி உப்பு தேவைக்கு மேல் இந்த மாவட்டத்தின் உலைகளில் கரைகிறது.

உப்பிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. மருத்துவர் எழுதும் சீட்டில் ஒருவர் பெயர்தான் இருக்கும். 'உப்பைக் குறையுங்கள்' என்று அவரைப் பார்த்துத்தான் சொல்வார். வீட்டிலோ சாம்பாருக்கு ஒரே குண்டான், உப்பு ஜாடியும் ஒன்றுதான். அதில் கை கொஞ்சம் குறைந்தால் நான்கு தட்டிலும் குறைகிறது. யாரும் யாரையும் மாற்ற வேண்டியதில்லை. நல்ல பழக்கம் குடும்பத்தில் பரவுவது பற்றிப் பேசும்போது நாம் உபதேசத்தையும் முன்னுதாரணத்தையும் நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் பரவுவது குண்டான் வழியாகத்தான் என்பது என் கட்சி.

கணக்குக்கு ஒரு வீடு வேண்டும். கணவன், மனைவி, மாமியார், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை என்று நான்கு பேர், மாதம் 30 நாள், அரிசி வாங்கும் ரேஷன் அட்டை. கடை விலைகள் எல்லாம் வசதிக்காக வைத்துக்கொண்ட முழு எண்கள். உங்கள் தெரு விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். அளவுகளுக்கு அடிப்படை, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் உள்ள 2,000 கலோரித் தட்டு. வயலில் இறங்கி வேலை செய்பவருக்கும் வளரும் பிள்ளைக்கும் இது போதாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் கர்ப்பிணிக்கும் கணக்கே வேறு.

எண்ணெயை எடுப்போம். வழிகாட்டி சொல்வது ஆளுக்கு 27 கிராம். நான்கு பேருக்கு மாதம் 3,240 கிராம், அதாவது மூன்றரை லிட்டர். 5 லிட்டர் செலவாகும் வீட்டில் ஆளுக்கு 38 கிராம் போகிறது. அந்த ஒன்றரை லிட்டரைக் குறைத்தால், லிட்டர் 160 ரூபாய் என்ற விலையில், மாதம் 240 ரூபாய் மிச்சம். கலோரியாகப் பார்த்தால் ஆளுக்கு நாள்தோறும் 100 குறைகிறது. நாலு பேரில் சுகர் ஒருவருக்குத்தான் இருக்கலாம். அந்த 100 கலோரி நாலு பேருக்கும் குறைகிறது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ரேஷனில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. சிக்கனமாக இருக்க நினைக்கும் வீடு முதலில் நிறுத்துவது கடையில் வாங்கும் கடலை எண்ணெயையும் நல்லெண்ணெயையும்தான், 25 ரூபாய் பாமாயிலை அல்ல. 5 லிட்டரில் ஒரு லிட்டர் பாமாயில் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. மூன்றரை லிட்டராகக் குறைந்த பிறகும் அதே ஒரு லிட்டர் வந்தால் பங்கு 29 சதவீதமாக ஏறிவிடும். பாமாயிலில் ஏறக்குறையப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. மொத்த அளவு இறங்குவதால் லாபம் லாபம்தான். ஆனாலும் பணக் கணக்கும் உடம்புக் கணக்கும் எப்போதும் கைகோத்து நடப்பதில்லை.

உப்பில் இன்னும் மோசம். 8 கிராமை 5 ஆக்கினால் மாதம் 360 கிராம் மிச்சம். கிலோ 25 ரூபாய் என்றால் 9 ரூபாய். ரத்த அழுத்தத்துக்கு இவ்வளவு நல்லது செய்யும் மாற்றம் பணப்பையில் ஒரு தேநீர் விலைகூடத் தருவதில்லை. அதனால்தான் எந்த வீட்டிலும் உப்பு பட்ஜெட் விவாதத்துக்கு வருவதே இல்லை.

அடுத்தது சர்க்கரை. இது கரும்பு மாவட்டம். நெல்லிக்குப்பத்து ஆலை 1842இல் தொடங்கியது, சேத்தியாத்தோப்பில் எம்.ஆர்.கே. கூட்டுறவு ஆலை இருக்கிறது. ரேஷனில் ஆளுக்கு அரை கிலோ, நான்கு பேர் அட்டைக்கு 2 கிலோ, கிலோ 25 ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு நாளைக்கு 16.7 கிராம். உலக சுகாதார நிறுவனம் 'இதற்குள் இருந்தால் நல்லது' என்று சொல்லும் அளவு சுமார் 25 கிராம். ஆக ரேஷன் சர்க்கரையோடு நிறுத்திக்கொள்ளும் வீடு வரம்புக்குள்தான் இருக்கிறது. மிகை கடையிலிருந்து வருகிறது. தினம் மூன்று வேளை டீ, காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு 5 கிராம் என்றால் ஆளுக்கு 30 கிராம். வீட்டுக்கு மாதம் 3.6 கிலோ. இரண்டு ஸ்பூனை ஒன்றாக்கினால் 1.8 கிலோ. கடையில் 45 ரூபாய் கொடுத்து வாங்கிய 1.6 கிலோவும் தேவையில்லை, 72 ரூபாய் மிச்சம், ரேஷனிலேயே 200 கிராம் மீதி.

எண்ணைவிட இங்கே முக்கியம் சர்க்கரை எங்கே போடப்படுகிறது என்பது. பல வீடுகளில் பாலும் தூளும் கொதிக்கும் பாத்திரத்திலேயே சர்க்கரையையும் கொட்டிவிடுவார்கள். சுகர்காரருக்கு மட்டும் அதற்கு முன்பே ஒரு டம்ளர் தனியாக எடுத்து வைப்பார்கள். இதில் மாற்றம் அந்த ஒரு டம்ளரோடு நிற்கிறது. முறையைத் திருப்பி, பாத்திரத்தில் சர்க்கரையே போடாமல் வடித்து, வேண்டியவர் டம்ளரில் போட்டுக் கலந்துகொள்ளட்டும் என்று விட்டால் என்ன ஆகும்? ஸ்பூன் ஒவ்வொருவர் கைக்கும் வருகிறது. ஒன்று போடுவதா இரண்டு போடுவதா என்று கை ஒரு நொடி தயங்கும். பொதுப் பாத்திரத்தில் கொட்டும்போது அந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை.

இப்போது, தனிச் சமையலின் விலை. வீட்டில் ஒருவருக்குச் சுகர் அல்லது பிரஷர் என்று தெரிந்ததும் பெரும்பாலும் நடப்பது இதுதான்: அவருக்கு உப்பில்லாமல் ஒரு பொரியல், எண்ணெய் குறைத்து ஒரு குழம்பு, இரவில் கோதுமைக் கஞ்சி, மற்றவர்களுக்கு வழக்கம்போல. கூடுதலாக ஓர் அடுப்பு தினம் அரை மணி நேரம் எரிகிறது என்று வையுங்கள். மணிக்கு 150 கிராம் எரிவாயு என்றால் நாளைக்கு 75 கிராம், மாதம் 2.25 கிலோ. 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய் என்றால் அது 143 ரூபாய். ஆனால் பெரிய செலவு சமைப்பவரின் நேரம். தினம் அரை மணி என்பது மாதம் 15 மணி. இரண்டு முழு வேலை நாள். அதற்கு யாரும் விலை போடுவதில்லை. போட்டால் இந்தத் தனிச் சமையல் ஒரே மாதத்தில் நின்றிருக்கும். 143 ரூபாயும் 15 மணி நேரமும் கொடுத்து நாம் வாங்குவது, மாற்றம் மற்ற மூன்று தட்டுக்குப் பரவாமல் தடுக்கும் ஒரு வேலியை. பிள்ளைக்கு முன்னால் அப்பாவுக்கு மட்டும் 'நோயாளிச் சாப்பாடு' வைக்கப்படுகிறது. சர்க்கரை குறைந்த சாப்பாடு தண்டனை என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொள்கிறது.

இந்தக் கணக்கில் இன்னொரு கோணலும் உண்டு. நோய் ஆணுக்கு வந்தால் வீட்டுச் சமையல் மாறுகிறது, அல்லது தனிச் சமையலாவது தொடங்குகிறது. சமைப்பவளுக்கே வந்தால்? மற்றவர்களுக்குப் பிடித்ததைச் செய்துவிட்டு மிஞ்சியதைத் தானும் சாப்பிடுவாள். மாத்திரை மட்டும் புதிதாகச் சேரும். குடும்பத்துக்கு நல்ல பழக்கத்தைப் பரப்பும் அதிகாரம் அவள் கையில் இருப்பதாகச் சொல்கிறோம்; அந்தக் கை தனக்காக உப்பைக் குறைக்கத் துணிவதில்லை.

பலன் உண்டா என்று கேட்பவர்களுக்குப் பக்கத்து மாநிலத்தில் ஒரு நல்ல விடை இருக்கிறது. அதற்கு முன் நம் சென்னை. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. மூன்று ஆண்டில், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவும் நடையும் மாற்றியவர்களில் 39.3 சதவீதம். இது தனி ஆட்களின் கணக்கு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் ஜீமோன் குழு வீடுகளையே எடுத்துக்கொண்டது. இளவயதிலேயே இதய நோய் வந்தவர்களின் குடும்பங்கள் 750, ஆட்கள் 1,671. பாதிக் குடும்பங்களின் வீடு தேடிப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் போனார்கள். இரண்டு ஆண்டு முடிவில் ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகையிலை ஆகிய நான்கில் குறைந்தது மூன்றைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் அந்த வீடுகளில் 64 சதவீதம். மற்ற வீடுகளில் 46. 2021இல் வெளியான இந்த முடிவில் கவனிக்க வேண்டியது, இவர்கள் நோயாளிகளாகச் சேர்க்கப்பட்டவர்கள் அல்லர், நோயாளியின் உறவினர்கள்.

சீனாவிலிருந்து வந்த கணக்கு எனக்கு இன்னும் பிடித்தது. சாங்ஜி நகரில் 28 தொடக்கப் பள்ளிகள். பத்து வயதுப் பிள்ளைகள் 279 பேர், அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் 553 பேர். பாதிப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ஒரு பருவம் மட்டும் உப்பைப் பற்றிப் பாடம் நடத்தி, வீட்டில் போய்ச் சொல்லச் சொன்னார்கள். மற்ற பள்ளிகளோடு ஒப்பிட்டால் பிள்ளைகளின் உப்பு நாளைக்கு 1.9 கிராம் குறைந்தது, பெரியவர்களின் உப்பு 2.9 கிராம். வகுப்பில் உட்காராதவர்களுக்குத்தான் அதிகம் குறைந்திருக்கிறது! அந்த 2.9 கிராம் நம் மாவட்டக் கணக்கில் வந்த 3 கிராம் மிகைக்கு ஏறக்குறையச் சமம். பாடம் நடத்திய செலவை ஆசிரியர் சம்பளத்துக்குள் அடக்கிவிடலாம். பேரப்பிள்ளை 'பாட்டி, உப்பு போதும்' என்றால் கேட்காத பாட்டி மஞ்சக்குப்பத்திலும் இருக்கமாட்டார்.

இனி செலவுப் பக்கம். நேர்மையாக எழுதினால் இங்கே இடிக்கும். வழிகாட்டி கேட்பது ஆளுக்கு 400 கிராம் காய், 100 கிராம் பழம். நான்கு பேருக்கு மாதம் 48 கிலோ காய், 12 கிலோ பழம். இப்போது அதில் பாதிதான் வாங்குகிறார்கள் என்று வைத்தால் இன்னும் 24 கிலோ காய், 6 கிலோ பழம் வேண்டும். காய் 40, பழம் 60 என்ற விலையில் 960 + 360 = 1,320 ரூபாய். எண்ணெயில் மிச்சம் 240, சர்க்கரையில் 72, உப்பில் 9, ஆக 321. பற்றாக்குறை 999. 2022-23 நுகர்வுச் செலவு ஆய்வில் தமிழ்நாட்டுக் கிராமத்தில் தலைக்கு மாதம் 5,310 ரூபாய், நகரத்தில் 7,630. நான்கு பேர் வீட்டுக்கு முறையே 21,240, 30,520. அந்த 999 என்பது கிராமத்தில் 4.7 சதவீதம், நகரத்தில் 3.3. உழவர் சந்தைக்குக் காலையில் போனால் கொஞ்சம் இறங்கும். ஆனாலும், 'நல்ல சாப்பாடு செலவில்லாதது' என்று மேடையில் சொல்பவர்கள் காய்கறிக் கூடை தூக்கியதில்லை.

அந்தப் பணம் கொஞ்சம் அரிசி மூட்டையில் இருக்கிறது. தானியம் ஆளுக்கு 250 கிராம், வீட்டுக்கு மாதம் 30 கிலோ. ரேஷனில் விலையில்லாமல் 20 கிலோ வருகிறது. இட்லி அரிசியும் சேர்த்து 40 கிலோ புழங்கும் வீடு 10 கிலோ குறைத்தால், கிலோ 50 ரூபாய் என்று 500 மிச்சம். பற்றாக்குறை 499 ஆகிவிடும். சொல்வது எளிது. சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் தின்று வளர்ந்த சிதம்பரத்து நாக்கிடம் சோற்றைக் குறை, காயைக் கூட்டு என்பது பெரிய பேச்சுவார்த்தை. கொத்சு பக்கம் கையை நீட்டி, சோற்றுப் பக்கம் சுருக்கச் சொல்லலாம், கத்தரிக்காயும் காய்தானே.

புகை பிடிப்பவர் இருக்கும் வீட்டில் இந்த வாதம் எதுவும் தேவையில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டு ஆண்களில் 20.1 சதவீதம் பேர் புகையிலை பயன்படுத்துகிறார்கள். தினம் 5 சிகரெட், ஒன்று 15 ரூபாய் என்றால் மாதம் 2,250. காய்கறிப் பற்றாக்குறையை அரிசியில் கை வைக்காமலே இரண்டு முறை அடைக்கலாம். நிறுத்துவது தனி ஆள் வேலையா, வீட்டு வேலையா? இங்கிலாந்தில் 3,722 தம்பதிகளை வைத்து 2015இல் வெளியான ஆய்வில், புகைக்கும் பெண்களில் கணவரும் கூடவே நிறுத்தியபோது 50 சதவீதம் பேர் விட்டார்கள். கணவர் தொடர்ந்து புகைத்தபோது 8 சதவீதம். கணவர் முன்பே புகைக்காதவராக இருந்தால்? 17தான். நல்லவராக இருப்பதைவிட, கூட மாறுபவராக இருப்பது மூன்று மடங்கு பயன் தந்திருக்கிறது.

வீட்டுக் கணக்கில் வராத ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: டீக்கடை. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாமில் 12,067 பேரை 32 ஆண்டு தொடர்ந்த தரவில், கணவனோ மனைவியோ பருமனானால் மற்றவர் பருமனாகும் வாய்ப்பு 37 சதவீதம் கூடியது, உடன்பிறந்தவரால் 40, நண்பரால் 57. இந்த எண்களை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதில் புள்ளியியலாளர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரி ஆட்கள் நண்பர்களாவதே காரணமாக இருக்கலாம். இருந்தாலும், வீட்டில் கஷ்டப்பட்டுக் குறைத்த எண்ணெயை மாலையில் நண்பரோடு நின்று இரண்டு மெதுவடையில் திருப்பி ஏற்றிக்கொள்ளும் ஆண்கள் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு வரிசைக்கு இருப்பார்கள்.

நடைக்கு ரூபாய்ச் செலவில்லை. ஆளுக்கு வாரம் 150 நிமிடம், நான்கு பேருக்கு 10 மணி. 2023 நவம்பர் 4இல் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் பாதை என்று வைத்தது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அது 96 நிமிடம். கடலூரில் வெள்ளிக் கடற்கரை இருக்கிறது, சிதம்பரத்தில் நான்கு தேர் வீதிகள் இருக்கின்றன. காலையில் அங்கே யார் நடக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளைக்கு 289 நிமிடம். செய்யும் ஆண்கள் 88. உப்பு குண்டான் வழியாகத் தானே பரவும். நடை அப்படிப் பரவாது. இங்கிலாந்து ஆய்விலும், கணவர் புதிதாக உடற்பயிற்சி தொடங்கியபோது மனைவியரில் 66 சதவீதம் பேர் தொடங்கினார்கள், இல்லாதபோது 24. நம் ஊரில் அந்த 66 வர, கணவர் நடக்கத் தொடங்கினால் போதாது. இட்லி ஊற்றவும் டிபன் டப்பா கட்டவும் அரை மணி முன்னதாக எழ வேண்டும். 289க்கும் 88க்கும் நடுவே இருப்பது 201 நிமிடம். அதில் 30ஐ மாற்றிப் போட்டால் மனைவியின் வாரத்துக்கு 210 நிமிடம் கிடைக்கும், 150 போக ஒரு மணி நேரம் மிச்சம்.

கடைசிப் பதிவு மிகச் சிறிய தொகை. நான்கு நாடுகளின் தம்பதிகளை ஒப்பிட்ட 2023 ஆய்வில் இந்தியத் தம்பதிகள் 22,389, அவர்களில் 19.8 சதவீத வீடுகளில் கணவன், மனைவி இருவருக்கும் ரத்தக் கொதிப்பு. கணவருக்கு இருந்தால் மனைவிக்கும் இருக்கும் வாய்ப்பு 19 சதவீதம் கூடுதல். ஒரே உப்பு ஜாடியின் மறுபக்கம் இது. வீட்டுக்கு ஒரு பிரஷர் கருவி 2,000 ரூபாய், ஐந்து ஆண்டு உழைத்தால் மாதம் 33 ரூபாய், தலைக்கு எட்டு. அதுவும் வேண்டாம் என்றால், 2021 ஆகஸ்ட் 5 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் தன்னார்வலர் பெண் கணவரின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்து முடித்ததும் கருவியைப் பையில் வைக்கும் முன், அடுப்படியில் நிற்பவரையும் மாமியாரையும் கூப்பிட்டு உட்கார வைக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.